கண்ணுக்குத் தெரியாத புகை

உரைநடை

நுழையும்முன்

தங்கம் விளைந்த மண் கோலார் தங்கவயல். அங்கு வேலை தேடித் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மில் பலர். பாறையைக் குடைந்த நம் முன்னோர் காற்றைப் பற்றிய ஒரு பாடத்தைத் தம் உடலைக் கொடுத்துக் கற்றனர். வீட்டிலும் பள்ளியிலும் கைத்தொழில் பழகும் மாணவர்களுக்கு இன்று அப்பாடம் மிகவும் தேவையானது. அதனை இங்குப் படித்தறிவோம்.

ஏரிக்கரை வீடு

நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களையும் கடந்து கடலில் கலக்கிறது. அதன் வழியில் அமைந்ததே பேத்தமங்களா ஏரி. தங்கவயலுக்குக் குடிநீர் வழங்கிய பெருமை இவ்வேரிக்கு உண்டு.

அவ்வாண்டு நல்ல மழை பெய்தது, ஏரி நிரம்பியது. தசரா விடுமுறைக்குத் தாத்தாவின் வீட்டிற்கு வந்திருந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு வலை வீசி மீன் பிடிக்கும் ஆசை எழுந்தது. பரண்மேல் பழைய வீச்சுவலை ஒன்று கிடந்தது. அதன் ஓரத்தில் கோத்திருந்த காரீயக் குண்டுகளுள் பல உதிர்ந்திருந்தன. குண்டுகள் இல்லாவிட்டால் வலை நீரில் அமிழாது.

அவன் இருசக்கர வண்டிப் பட்டறையிலிருந்து பழைய பாட்டரி ஒன்றை வாங்கி வந்தான். கொல்லைப்புறத்தில் மூன்று கற்களை அடுக்கி, ஓட்டை விழுந்த வாணலி ஒன்றை மண் பூசி அடைத்து, அதன்மேல் வைத்தான். பாட்டரியை உடைத்து, அதிலுள்ள காரீயத் தகடுகளை உருக்கிக் குண்டுகள் வார்ப்பது அவனது திட்டம்.

இருமிக்கொண்டே தாத்தா வெளியே வந்தார்.

"அடுப்பைப் பற்றவைக்காதே, கண்ணு."

"சின்ன வேலைதான், தாத்தா. புகைகூட வராது."

"வருவது கண்ணுக்குத் தெரியாது. அதுதான் என் கவலை. நானும் ஒரு காலத்தில் உன்னைப் போலத்தான் எண்ணினேன்."

தாத்தா தங்கவயலில் நிலத்தடியில் பாறை துளைக்கும் வேலை செய்தவர். இப்போது வீட்டுத் திண்ணையின் நான்கு படிகளை ஏறுவதற்குள் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார். அவர் பேரனை அருகில் அமர்த்திக்கொண்டு பேசத் தொடங்கினார்.

தங்கவயல் கற்பித்த பாடம்

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880ஆம் ஆண்டு சுரங்கப் பணியைத் தொடங்கியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது விளங்கியது.

அங்குத் தங்கம் தனிக்கட்டியாகக் கிடைக்கவில்லை. குவார்ட்ஸ் என்னும் படிகப் பாறையில் நுண்துகளாகக் கலந்திருந்தது. அப்பாறையைத் துளையிட்டபோதும் வெடி வைத்துத் தகர்த்தபோதும் சிலிக்காத் தூசு எழுந்தது. பெரிய துகள்கள் தரையில் படிந்தன. மிக நுண்ணிய துகள்களோ காற்றில் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் அடிவரை சென்றன. அங்குப் படிந்த தூசை உடலால் வெளியேற்ற இயலவில்லை. அதனைச் சுற்றித் தழும்புகள் உண்டாயின. மென்மையான நுரையீரல் நாளடைவில் விறைத்துப்போயிற்று. இதுவே 'சிலிகோசிஸ்' என்னும் நோய். காசநோய் எளிதில் பற்றுவதற்கும் இது வழிவகுக்கும். தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றும் இல்லை.

1940களிலேயே தங்கவயல் மருத்துவர்கள் இந்நோயை ஆராய்ந்து பதிவு செய்தனர். இந்திய மருத்துவ மாணவர்கள் சிலிகோசிஸ் பற்றிப் படிக்கும்போது, கோலார் என்னும் பெயரையும் சேர்த்தே படிக்கின்றனர்.

"தூசு மண்டிய நாளைவிடக் காற்று தெளிவாகத் தோன்றிய நாளில்தான் நாங்கள் ஏமாந்தோம். கண்ணுக்குத் தெரிந்த தூசை மூக்கு தடுத்தது. கண்ணுக்குத் தெரியாதது உள்ளே போனது," என்றார் தாத்தா.

தூசு, ஆவி, உலோகப் புகை

பேரனுக்கு ஓர் ஐயம் எழுந்தது. "அது பாறைத் தூசு. நான் உருக்கப் போவது உலோகம். உலோகத்திலிருந்து எப்படித் தாத்தா தூசு வரும்?"

நல்ல வினா. இதற்கு விடை காண மூன்று சொற்களை நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

ஒரு திடப்பொருளை உடைத்தாலோ அரைத்தாலோ கிடைப்பது தூசு. ஒரு பொருள் சூடேறி வளிமமாக மாறினால் அது ஆவி. சூடான உலோக ஆவி காற்றில் கலந்து, ஆக்சிஜனுடன் சேர்ந்து குளிர்ந்து, மீண்டும் திடத் துகளாக மாறினால் அதுவே உலோகப் புகை. இத்துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இவற்றை ஒப்பிட்டால் உலோகப் புகைத் துகள் எவ்வளவு சிறியது என்பது விளங்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டையின் இழைகளுக்கு இடையே அது தடையின்றி நுழைந்துவிடும்.

நீர் கொதிப்பதற்கு முன்பே அதிலிருந்து ஆவி எழுவதை அடுப்பங்கரையில் கண்டிருப்பீர்கள். உலோகங்களும் அப்படியே, கொதிநிலையை நெருங்க நெருங்க மிகுதியாக ஆவியாகும். கீழே உள்ள அட்டவணையைக் காண்க. அளவுகள் செல்சியஸில் தரப்பட்டுள்ளன.

| உலோகம் | உருகுநிலை | கொதிநிலை |
|---|---|---|
| பாதரசம் | −39 | 357 |
| வெள்ளீயம் | 232 | 2600 |
| காட்மியம் | 321 | 767 |
| காரீயம் | 327 | 1749 |
| துத்தநாகம் | 420 | 907 |
| தங்கம் | 1064 | 2800க்கு மேல் |

தங்கம் உருகுவதற்கு 1064 பாகை வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை எட்டும் முன்பே பாதரசமும் காட்மியமும் துத்தநாகமும் கொதித்து ஆவியாகிவிடும். எனவே ஓர் உலோகத்தைச் சூடாக்குபவர், அதனோடு கலந்திருப்பதும் அதன்மேல் பூசியிருப்பதும் எவை என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

துத்தநாகமும் மாலைநேரக் காய்ச்சலும்

துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக் குழாய்களுக்கும் கூரைத் தகடுகளுக்கும் துத்தநாகம் பூசுவர். பழைய குழாய்த் துண்டுகளைக் கொண்டு நாற்காலி, பூந்தொட்டித் தாங்கி முதலியவற்றைச் செய்ய விரும்புவோர் அவற்றை வெல்டிங் செய்வர். அப்போது துத்தநாகப் பூச்சு எரிந்து வெண்புகை எழும். பித்தளையை உருக்கும்போதும் இவ்வாறே நிகழும். ஏனெனில் பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை.

இப்புகையை உள்ளிழுத்தவருக்கு உடனே ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்து வாயில் உலோகச் சுவை, தாகம், குளிர்நடுக்கம், உடல்வலி, காய்ச்சல் ஆகியவை தொடங்கும். இதற்கு 'உலோகப் புகைக் காய்ச்சல்' என்று பெயர். பெரும்பாலும் ஓரிரு நாளில் இது தணிந்துவிடும். தணிந்துவிடுவதாலேயே பலர் இதனைச் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி, மறுபடியும் அதே வேலையில் இறங்குகின்றனர். பெருமளவு புகையை மூடிய அறையில் உள்ளிழுத்தால் நுரையீரலே பழுதடையக்கூடும்.

நகைக்கு நன்மை, செய்தவருக்குத் தீமை

'கேடிஎம் நகை' என்னும் பெயரை உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். அப்பெயர் காட்மியம் என்னும் உலோகத்தைக் குறிப்பது. பொற்கொல்லர் நகையின் உறுப்புகளை ஒட்டுவதற்குப் பற்றாசு வைத்து ஊதுகுழலால் தீயை ஊதுவர். தங்கம் 92 பங்கும் காட்மியம் 8 பங்கும் கொண்ட பற்றாசு ஒரு காலத்தில் பெரிதும் பயன்பட்டது. அது குறைந்த வெப்பத்தில் உருகியது. தங்கத்தின் பங்கு அதில் மிகுதி ஆதலால் நகையின் மாற்றும் குறையவில்லை. சூடேறியபோது காட்மியம் எளிதில் ஆவியாகிப் பறந்தது.

பறந்த காட்மியம் எங்கே சென்றது? ஊதுகுழலைப் பிடித்துத் தீயின்மேல் குனிந்திருந்த பொற்கொல்லரின் நுரையீரலுக்குச் சென்றது.

காட்மியப் புகை தொடக்கத்தில் துத்தநாகப் புகையைப் போலவே லேசான காய்ச்சலைத் தரும். ஆனால் ஒன்றிரண்டு நாளில் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஊறு நேரலாம். சிறுகச் சிறுக உட்கொண்டவருக்குச் சிறுநீரகம் கெடும். உடலில் சேர்ந்த காட்மியம் வெளியேறப் பல்லாண்டுகள் ஆகும். இக்கேட்டினை உணர்ந்து, இந்தியத் தர நிர்ணய அமைவனம் காட்மியப் பற்றாசை விலக்கியது. இன்று துத்தநாகம் முதலியவை கலந்த பற்றாசுகள் பயன்படுகின்றன. எனினும் பழைய பெயர் மட்டும் சில இடங்களில் இன்னும் வழங்குகிறது.

காரீயமும் குழந்தைகளும்

இனிப் பேரனின் வாணலிக்கு வருவோம். காரீயம் 327 பாகையில் உருகும், விறகடுப்பே போதும். அதன் கொதிநிலை மிக அதிகம் ஆதலால் அஞ்ச வேண்டியதில்லை என்று சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. விறகடுப்பின் வெப்பத்தை அளந்து கட்டுப்படுத்த இயலாது. வெப்பம் மிகுந்தால் காரீயப் புகையும் மிகும். உருகிய காரீயத்தின்மேல் சாம்பல்போன்ற கசடு படியும். அதனை வழித்தெடுக்கும்போது நுண்தூசு பறக்கும். பாட்டரித் தகடுகளின்மேல் உள்ள பசையும் காரீயச் சேர்மமே. அது காய்ந்தால் தூளாகிக் கையிலும் உடையிலும் மண்ணிலும் ஒட்டும். பிறகு சோற்றோடு வாய்க்குள் செல்லும். பாட்டரியினுள் இருக்கும் கந்தக அமிலம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். உருகிய காரீயத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் அது சட்டென ஆவியாகி, உருகிய உலோகத்தை நாற்புறமும் தெறிக்கச் செய்யும்.

காரீயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளையே மிகுதியாகத் தாக்கும். வளரும் மூளையை அது கெடுக்கும். கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கும். குருதியில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்துள்ளது.

ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், டக்கார் நகரை ஒட்டித் தியாரோய் சூர் மேர் என்னும் ஊர் உள்ளது. அங்குப் பழைய பாட்டரிகளிலிருந்து காரீயம் பிரித்தெடுப்பது பலருக்குப் பிழைப்பாக இருந்தது. காரீயம் கலந்த மண் வீடுகளின் வாசல்வரை பரவியிருந்தது. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அவ்வூரில் 18 குழந்தைகள் இறந்தனர். அவர்களின் உடன்பிறந்தோரையும் தாய்மாரையும் ஆய்ந்தபோது குருதியில் காரீயம் மிக மிகுதியாக இருந்தது.  அக்குழந்தைகள் அம்மண்ணில் வளர்ந்தவர்கள்.

பள்ளியில் பற்றவைக்கும்போது

இவற்றையெல்லாம் கேட்டுக் கைத்தொழிலையே கைவிட வேண்டுமோ என அஞ்ச வேண்டா. முறையறிந்து செய்தால் போதும். பள்ளி ஆய்வகத்தில் மின்சுற்று இணைக்கும்போது நீங்கள் பற்றாசுக் கம்பியைப் பயன்படுத்துவீர்கள். பற்றுக்கோலின் வெப்பம் ஏறத்தாழ 350 பாகை. அவ்வெப்பத்தில் காரீயம் மிகச் சிறிதளவே ஆவியாகும். அங்கு எழும் வெண்புகை, கம்பியினுள் இருக்கும் குங்கிலியம் போன்ற பிசின் எரிவதால் வருவது. அது கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். தொடர்ந்து உள்ளிழுத்தால் ஈளைநோயை உண்டாக்கும். காரீயமோ கம்பியைத் தொட்ட விரல்வழியே வாயை அடையும். ஆகவே இவ்வேலையில் காற்றோட்டமும் கைகழுவுதலும் இரண்டு காவல்கள்.

தவறான நம்பிக்கை

புகையில் வேலை செய்தபின் பால் குடித்தால் நஞ்சு முறியும், வெல்லம் தின்றால் தூசு வெளியேறும் என்று நம்புவோர் உண்டு. உணவு செல்லும் வழி வேறு. மூச்சு செல்லும் வழி வேறு. பாலும் வெல்லமும் இரைப்பைக்குச் செல்லும். புகை நுரையீரலில் தங்கும். உணவு உடலுக்கு நல்லதுதான். ஆனால் அது புகைக்கு மருந்தாகாது.

நினைவில் கொள்க

1. பூச்சு உள்ள உலோகம், இன்னதென்று தெரியாத உலோகம் ஆகியவற்றைச் சூடாக்காதீர்.
2. பாட்டரியை உடைக்காதீர், பாதரசத்தைச் சூடாக்காதீர். பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.
3. பற்றவைக்கும் வேலையை ஆசிரியர் அல்லது பெரியவர் முன்னிலையில், காற்றோட்டமான இடத்தில் செய்க. புகைக்கு நேர்மேலே முகத்தை நீட்டாதீர்.
4. மின்விசிறியைக் காட்டிலும் புகையை வெளியே இழுக்கும் விசிறி சிறந்தது. சாதாரண விசிறி புகையை அறை முழுவதும் பரப்பும்.
5. துணிமுகக்கவசம் உலோகப் புகையைத் தடுக்காது.
6. வேலை செய்யும் இடத்தில் உண்ணாதீர். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுக. வேலை உடையைத் தனியே துவைக்க.
7. வேலைக்குப் பின் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவரிடம் செல்க. எந்த உலோகத்தைச் சூடாக்கினீர் என்பதை அவரிடம் தவறாமல் கூறுக.

வலை மீண்டும் விரிந்தது

மறுநாள் பேரன் பாட்டரியை உடைக்காமலேயே எடுத்துச் சென்று, புதிய பாட்டரி விற்கும் கடையில் ஒப்படைத்தான். பழையதை அவர்கள் பணம் கொடுத்தே வாங்கிக்கொண்டனர். அப்பணத்தில் அவன் இரும்பு நட்டுகள் வாங்கினான். தாத்தாவும் பேரனும் திண்ணையில் அமர்ந்து, காரீயக் குண்டுகள் உதிர்ந்த இடங்களில் அவற்றைக் கோத்துக் கட்டினர்.

மாலையில் ஏரிக்கரைக்குச் சென்றனர். பேரன் வலையை வீசினான். அது வட்டமாக விரிந்து நீரில் அமிழ்ந்தது. "எங்கள் காலத்தில் இதையெல்லாம் சொல்ல யாரும் இல்லை, கண்ணு. உனக்குச் சொல்ல நான் இருக்கிறேன். நீ நாலு பேருக்குச் சொல்லு," என்றார் தாத்தா. பேரன் கயிற்றை மெல்ல இழுக்கத் தொடங்கினான்.

சொல்லும் பொருளும்

அமிழ்தல் – மூழ்குதல்
ஈளைநோய் – ஆஸ்துமா, மூச்சிரைப்பு நோய்
ஊறு – தீங்கு
கசடு – உருகிய உலோகத்தின்மேல் படியும் அழுக்கு
பற்றாசு – உலோகங்களை ஒட்டவைக்கும் உருகுபொருள்
பற்றுக்கோல் – பற்றாசை உருக்கும் மின்கருவி
மாற்று – தங்கத்தின் தரம்
வழித்தோன்றல் – மரபில் வந்தவர்

மொழியை அறிவோம்

தமிழில் 'ஈயம்' என்னும் சொல் இரண்டு உலோகங்களுக்கும் பொதுவாக வழங்குகிறது. கருமை + ஈயம் = காரீயம். வெண்மை + ஈயம் = வெள்ளீயம். பாட்டரியில் இருப்பது காரீயம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவதும், ரசம் வைக்கும் நல்ல ஈயச்சொம்பு செய்வதும் வெள்ளீயத்தால். காரீயம் கலந்த பாத்திரத்தில் சமைத்தல் கூடாது. ஒரு சொல்லின் முன் நிற்கும் அடைமொழி உயிர்காக்கும் வேறுபாட்டையும் உணர்த்தும் என்பதை இதனால் அறியலாம்.

பயிற்சி

அ) கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்ட ஆண்டு ______.
2. பித்தளை என்பது செம்பும் ______ சேர்ந்த கலவை.
3. கேடிஎம் என்னும் பெயர் ______ என்னும் உலோகத்தைக் குறிக்கும்.

ஆ) ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. தூசுக்கும் உலோகப் புகைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தங்கத்தை உருக்கும் வெப்பத்தை எட்டும் முன்பே கொதித்துவிடும் மூன்று உலோகங்களை அட்டவணையிலிருந்து எழுதுக.
3. 'பால் குடித்தால் புகையின் நஞ்சு முறியும்' என்பது ஏன் தவறு?

இ) விரிவாக விடை தருக.
1. "கண்ணுக்குத் தெரிந்த தூசை மூக்கு தடுத்தது. கண்ணுக்குத் தெரியாதது உள்ளே போனது." தாத்தாவின் இக்கூற்றை விளக்குக.
2. தியாரோய் சூர் மேர் நிகழ்ச்சி, உலோகம் உருக்குபவரின் குடும்பத்தாருக்கு உணர்த்துவது யாது?

ஈ) பிரித்து எழுதுக.
காரீயம், வெண்புகை, காற்றோட்டம், கொதிநிலை

உ) தொடரில் அமைத்து எழுதுக.
சிறுகச் சிறுக, பொடி வைத்துப் பேசுதல், மூச்சு வாங்குதல்

ஊ) செயல்பாடு
உங்கள் வீட்டிலோ தெருவிலோ சுரங்கம், வெல்டிங் பட்டறை, நகைப் பட்டறை ஆகியவற்றுள் ஒன்றில் வேலை செய்த முதியவர் ஒருவரைக் காண்க. அவரது வேலை, பயன்படுத்திய கருவிகள், உடல்நலத்தைக் காக்க மேற்கொண்ட வழிகள் ஆகியவற்றைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.